'சேருவேன்' என்று பேச்சி சொன்னது

திங்கட்கிழமை முதல் நீங்கள் பன்னிரண்டு பேரும் வெளியே போகப் போகிறீர்கள். உங்கள் கையில் டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குக் காகிதமும் பால்பாயிண்ட் பேனாவும்தான். மற்றபடி கேள்வி ஏறக்குறைய அதேதான். எச்.ஐ.வி. வராமல் தடுக்க ஒரு தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்தால், அந்தச் சோதனையில் சேர உங்களுக்குச் சம்மதமா? கட்டாயம் சேருவேன், சேரலாம், சேருவது சந்தேகம், சேர மாட்டேன். நான்கு கட்டங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது, பதிலை எப்படிப் பதிவது என்பதையெல்லாம் காலையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஓய்வு பெற்று கரமனையில் வீட்டோடு இருந்த என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்கள் அனுபவத்தைச் சொன்னால் போதும்" என்றார்கள். மலையாளம் பேசும் இந்த ஊரில் இருபத்தாறு வருஷம் கேள்வித்தாளோடு அலைந்தவள் நான். சரியாகச் செய்ததெல்லாம் ரிப்போர்ட்டுகளில் இருக்கிறது. தவறாகச் செய்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அதைச் சொல்கிறேன்.

முதலில் சின்னதாக ஒன்று. தடுப்பூசி ஆய்வு தொடங்கிய முதல் வாரம். ஊருக்கு வெளியே பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. வேலை செய்தவர்கள் எல்லாரும் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். தமிழ் பேசுகிறவள் என்று என்னை அனுப்பினார்கள். அங்கே இருந்த மேஸ்திரி நல்ல மனிதர். சாப்பாட்டு இடைவேளையில் ஆட்களை உட்கார வைத்து, எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்து, தானும் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கேட்ட அத்தனை பேரும் 'கட்டாயம் சேருவேன்' என்றார்கள். ஒருவர்கூட யோசிக்கவில்லை. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன்.

ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மேஸ்திரி எவிடெ நின்னு?"

மேஸ்திரி எங்கே நின்றார்? "என் பக்கத்தில்தான், டாக்டர்" என்றேன். அவர் எல்லாத் தாளிலும் குறுக்கே கோடு போட்டு ஒதுக்கி வைத்தார். மறுநாள் மேஸ்திரி இல்லாத இடத்தில் ஒவ்வொருவராகத் தனியே கேட்டேன். பாதிப் பேர் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்கள். "நேத்து நீங்க மேஸ்திரியோட ஆளுன்னு நெனச்சேன் மேடம்" என்றார் ஒருவர். முதல் நாள் அவர்கள் சம்மதம் சொன்னது எனக்கு அல்ல.

இந்தப் பாடத்தை ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். அடுத்து நான் சொல்லப்போவது ஒரு நாளில் முடியவில்லை.

அவளைப் பேச்சி என்று சொல்கிறேன். அவள் கணவரை முருகன் என்று சொல்கிறேன். இரண்டும் அவர்களுடைய பெயர் இல்லை. வள்ளியூர்ப் பக்கம் சொந்த ஊர். முருகன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பேச்சி ஒரு ஹோட்டல் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரே வரிசையாக ஆறேழு வீடுகள் உள்ள இடத்தில் ஒரு வீடு. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை.

முருகனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஏதோ காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுத்தபோது தெரியவந்தது. பேச்சியைப் பரிசோதித்தார்கள். அவளுக்கு இல்லை. இப்படி ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளைத்தான் எங்கள் ஆய்வு முக்கியமாகத் தேடியது. ஒரு தடுப்பூசி வந்தால் அது முதலில் தேவைப்படுவது அவர்களுக்குத்தானே. சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருந்தவரை அக்கா என்கிற பொருளில் சேச்சி என்றுதான் கூப்பிடுவோம்; அவர் பேச்சியிடம் பேசி, அவள் சரி என்ற பிறகு என்னிடம் அனுப்பினார். அந்தச் சேச்சி தினமும் விதுராவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். நான் இந்தத் தொழிலில் யாரிடமாவது எதையாவது கற்றேன் என்றால் அவரிடம்தான். பெயர் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

மையத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. பேச்சி ஹோட்டலில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, கல்யாணத்துக்குப் போவதுபோல நல்ல சேலை உடுத்தியிருந்தாள். நான் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள், "சேருவேன்" என்றாள்.

"முழுசும் கேளுங்கோ" என்றேன்.

"கேக்கேன். ஆனா சேருவேன்."

விதிப்படி அடுத்த பகுதிக்குப் போனேன். ஊசி போட்டும் நோய் வராமல் தடுக்காமல் போகலாம். சரி என்றாள். சிலருக்கு மருந்து இருக்கும், சிலருக்கு வெறும் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கும், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. சரி என்றாள். ஊசி போட்டவர்களுக்குப் பிறகு ரத்தம் சோதித்தால், நோய் இல்லாமலே 'பாசிட்டிவ்' என்று காட்டக்கூடும். இதைச் சொன்னபோது மட்டும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நோய் இருக்காது, ஆனா இருக்குன்னு காட்டும்?"

"ஆமா. அப்படியும் ஆகலாம்."

"பரவால்ல. சேருவேன்."

ஒவ்வொன்றுக்கும் முதல் கட்டத்திலேயே டிக் போட்டேன். இத்தனை உறுதியான பதில் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. கடைசியாக, ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்வி. அதற்கு எண்ணிட்ட ஆறு பதில்கள், நாங்கள் குறிகள் என்று சொல்வது, இருந்தன. தன்னைக் காத்துக்கொள்ள, மற்றவர்களுக்கு உதவ, இப்படி. பேச்சி விரலால் மேஜை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அக்கா, எங்களுக்கு ஏழு வருசமாச்சு. அவுக பயப்படுதாக. என்னத் தொடவே மாட்டேங்காக. எனக்கு என்னன்னா..."

வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். "உங்களைக் காத்துக்கறதுக்காக, இல்லையா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். நான் ஒன்றாம் எண்ணை வட்டமிட்டேன்.

அவள் எழுந்து நின்றதும் கேட்டாள்: "அப்ப ஊசி எப்ப அக்கா?"

"வரச்சே சொல்றோம்" என்றேன்.

கரமனையில் எங்கள் தெருவில் அப்படித்தான் பேசுவோம். வரச்சே என்றால் வரும்போது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது 'வந்தா' என்பது. கேள்வித்தாளில் 'நடந்தால்' என்றுதான் இருந்தது. அந்தத் தமிழ்த் தாளை மலையாளத்திலிருந்து எழுதியவளே நான்தான். எழுதும்போது சரியாக எழுதிவிட்டு, வாயால் சொல்லும்போது ஒரு சொல்லை மாற்றிவிட்டேன். தடுப்பூசி எங்கேயும் வரவில்லை. எங்கள் ஊரில் சோதனை நடத்துவதாக எந்தத் திட்டமும் இல்லை. நாங்கள் அளந்துகொண்டிருந்தது மனதை மட்டும்தான். எனக்கு இது தெரியும். அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வைப் பற்றி விளக்கும் தாளை எல்லாருக்கும் கொடுப்பதுபோல அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். எங்கள் ஆபீஸ் முத்திரை குத்திய தாள். அவள் அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒன்பது பத்து மாதம் இருக்கும். ஆய்வு முடிந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தோம். அன்று ஆபீசில் வெளியூரிலிருந்து வேலையைப் பார்வையிட வந்தவர்கள் டாக்டரின் அறையில் இருந்தார்கள். காலை பதினொரு மணி. வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நகத்தில் பச்சைப் பெயிண்ட். நான் அதற்கு முன் முருகனைப் பார்த்ததில்லை.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காராமல் ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். நான் பேச்சிக்குக் கொடுத்த தாள்.

"இது நீங்க குடுத்ததுதான மேடம்?"

"ஆமா."

"ஊசி போட்டதும் நீங்கதானா, வேற ஆளா?"

எனக்குப் புரியவில்லை. "எந்த ஊசி?" என்றேன்.

"பேச்சிக்குப் போட்ட ஊசி. மூணு தடவ வந்து போட்டுட்டுப் போனால்லா. ஒவ்வொரு தடவையும் கையில பஞ்சு வச்சு ஒட்டிக்கிட்டு வந்தா. எனக்குக் காட்டினா. இனிமே பயமில்லன்னு சொன்னா."

அவர் சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். கர்ப்பகாலப் பரிசோதனைச் சீட்டு. பேச்சிக்கு நாலு மாதம். அதில் எச்.ஐ.வி. 'பாசிட்டிவ்' என்று இருந்தது.

"ஆஸ்பத்திரில இருக்குன்னு சொல்லுதாங்க. ஆனா ஊசி போட்டா நோய் இல்லாமலே இப்படிக் காட்டும்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கியளாம்லா. பேச்சி வந்த அன்னைக்கே சொன்னா." தாளில் அந்த வரி இருந்த இடத்தில் விரலை வைத்தார். திக்கித் திக்கித் தமிழ் படிக்கத் தெரிந்தவர். அந்த வரியைப் பலமுறை படித்திருக்கிறார் என்று தெரிந்தது. "இது அந்தப் பாசிட்டிவ்தான மேடம்? ஊசியாலதான?"

அவர் குரலில் கோபம் இல்லை. சண்டை போட வந்தவர் இல்லை. கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமா என்ற ஒரு சொல்லுக்காகத் தெற்கே எங்கோ ஒரு சைட்டிலிருந்து அரைநாள் கூலியை விட்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. எனக்கு எட்டியது வேறு. தமிழ்நாட்டுக் கூலிக்காரர்களுக்கு இந்த ஆபீசில் ஏதோ ஊசி போட்டு நோய் வரவைத்தார்கள் என்று நாளைக்கு ஒருவர் வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பதுதான்.

"ஒரு நிமிஷம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு, நடையில் வந்து மையத்துக்கு போன் செய்தேன். விதுராச் சேச்சி எடுத்தார். மூச்சு விடாமல் சொன்னேன். அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் சொன்னார்: "அவளோடு சோதிக்காதெ ஒண்ணும் பறயருது. இன்னு ஒரு திவசம். ஒரே ஒரு திவசம்."

அவளைக் கேட்காமல் எதுவும் சொல்லாதே. ஒரே ஒரு நாள் பொறு. அவ்வளவுதான் அவர் கேட்டது. பேச்சியையும் அவரையும் நாளைக்குச் சேர்ந்து வரச்சொல், இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் பேசுகிறேன் என்றார்.

நான் போனை வைத்துத் திரும்பினால் டாக்டர் நிற்கிறார். அவர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு ஏதோ காதில் விழுந்திருக்கிறது. டாக்டர் தணிந்த குரலில், "ஊசியென்னு பறஞ்ஞது எந்தா? இப்போத்தன்னெ கிளியர் ஆக்கணும்" என்றார். ஊசி என்று அவர் சொன்னது என்ன, இப்போதே தெளிவாக்கு என்கிறார். மேஸ்திரி நின்ற இடத்தைக் கேட்ட அதே மனிதர்தான். அன்று அவருக்கும் வியர்த்திருந்தது.

முருகனிடம் திரும்பிப் போனேன். பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்கும். அதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். அவருக்கு உண்மை தெரியத்தான் வேண்டும், இது பொய்யான பாசிட்டிவ் என்று நம்பிக்கொண்டு பேச்சி மாத்திரை சாப்பிடாமல் இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் சரிதான். ஆனால் நான் அந்தக் காரணத்துக்காகத்தான் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. கதவு பாதி திறந்திருந்ததற்காகச் சொன்னேன்.

"முருகன், இங்க யாருக்கும் ஊசி போட்டதே இல்லை. இப்படி ஒரு ஊசி இன்னும் வரவே இல்லை. நாங்க கேள்விதான் கேட்டோம். வந்தா சேருவேளான்னு கேட்டோம். அவ்வளவுதான்."

"பேச்சிக்குப் போடல்லியா?"

"இல்லை."

"ஒரு தடவகூட?"

"இல்லை."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி பிரித்து மடித்தார்.

"அப்ப எங்கிட்டயிருந்துதான்" என்றார்.

சொல்லிவிட்டு, "கொஞ்சம் தண்ணி கிட்டுமா மேடம்" என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரை என் கையில் தராமல் ஓரமாகத் தரையில் வைத்தார். நான் குனிந்து எடுத்தபோது, "நான் கழுவித் தாரேன்" என்றார். வேண்டாம் என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் போகவில்லை. உள்ளே டாக்டரிடம் போய், "கிளியர் ஆயிட்டு" என்றேன்.

சாயங்காலம் சேச்சி பஸ்ஸுக்குப் போகாமல் என் ஆபீசுக்கு வந்தார். என்ன சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டாமல், ஒரு வாரத்துக்கு முன்பே பேச்சி மையத்துக்கு வந்திருந்ததைச் சொன்னார். கர்ப்பகாலப் பரிசோதனைச் சீட்டு வந்த மறுநாளே அவள் தானாக வந்துவிட்டாள். ஊசி போடவே இல்லை என்று அழுதுகொண்டே சேச்சியிடம் சொல்லிவிட்டாள். பஞ்சை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி அவளே ஒட்டிக்கொண்டாளாம். மாத்திரையை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். நான் எந்தக் காரணத்தைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேனோ, அந்தக் காரணம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. போனில் நான் மூச்சு விடாமல் பேசியதில் சேச்சிக்கு அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

பிறகு துண்டு துண்டாக மற்றது தெரியவந்தது. பேச்சி முதலில் உண்மையாகவே ஊசிக்காகக் காத்திருந்தாள். மையத்துக்கு இரண்டு முறை வந்து விசாரித்திருக்கிறாள். இரண்டு முறையும் சேச்சி விடுப்பில் இருந்தார். இருந்தவர்களுக்கு என்ன ஊசி என்றே தெரியவில்லை, வந்தால் கூப்பிடுவார்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. முருகன் அவளைவிட்டுத் தள்ளியே படுத்தார். அவளுக்குத் தொற்றிவிடக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம் அவருக்கு. ஆனால் தன் மாத்திரையில் அந்தக் கவனம் இல்லை. சைட்டில் மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பாதி நாள் விட்டுவிடுவார். அது பேச்சிக்குத் தெரியாது. பொறுத்துப் பார்த்து, ஒருநாள் அவளே பஞ்சை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அடங்கிய பிறகு டாக்டரிடம் கேட்டுப் பிள்ளை பெற்றுக்கொள்ள வழி இருந்தது. சேச்சி உட்கார வைத்து இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார். அதற்கு முதலில் பேச்சிக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்பது எங்களில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவள் சொல்லத் தொடங்கியது என்னிடம். எனக்கு வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள்.

முருகன் அந்த வாரமே ஊருக்குப் போனார். பேச்சியிடம் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். "நான் ஒண்ண நம்பிக்கிட்டு இருந்தேன். இப்ப அது இல்ல" என்று மட்டும் சொன்னாராம். போகும்போது சிகிச்சை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுப் போய்விட்டார். மாத்திரையை அடியோடு விட்டார். சேச்சி அவர் ஊருக்கு ஆள் அனுப்பினார், அங்கே இருந்த மையத்துக்கு எழுதினார். அவர் ஒரு தடவை வந்தார், மறு தடவை வரவில்லை. காசநோய் பிடித்தது. பெண் பிறந்தபோது வந்து வாசலில் நின்று பார்த்தார். தூக்கிக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு ஆறாவது மாதம் அவர் போய்விட்டார். பிள்ளைக்குக் கடைசிப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியானபோது அதைக் கேட்க அவர் இல்லை.

நான் டாக்டரிடம் போய் ஒன்று கேட்டேன். பேச்சியின் பதிலை ஆய்விலிருந்து நீக்க வேண்டும் என்றேன். கேள்வியே புரியாதவளின் சம்மதம் சம்மதமில்லையே என்றேன். "அவளுக்கு மட்டும்தான் புரியலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். ஒருத்தியை நீக்கினால் மற்றவர்களுக்கெல்லாம் புரிந்தது என்று நாம் சொன்னதாக ஆகும் என்றார். அவள் பதில் அப்படியே இருந்தது. ரிப்போர்ட்டில், எந்தக் குறையைச் சொன்னாலும் மனம் மாறாதவர்கள் என்று ஒரு பட்டை வரைந்திருக்கிறோம். மற்ற எல்லாப் பட்டையையும்விட உயரம். அதற்குள் அவள் இருக்கிறாள்.

அடுத்த சுற்றில் அவரே கேள்வித்தாளை மாற்றினார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். இன்று உங்கள் டேப்லெட்டில் முதலில் வருகிறதே, 'இப்போது தடுப்பூசி எதுவும் இல்லை, இது கேள்வி மட்டும்' என்ற வரி, அதை வாசித்துவிட்டுத் தாண்டிப் போய்விடாதீர்கள். எதிரில் இருப்பவரை அவருடைய வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'ஏன்' என்ற கேள்விக்குக் குறிகளுக்குக் கீழே வெறும் இடம் விட்டிருக்கிறார்கள். யாராவது அந்த இடத்தில் பேசத் தொடங்கினால் வெளியே எத்தனை பேர் நின்றாலும் நிற்கட்டும். யாராவது உடனே, கேட்டு முடிப்பதற்குள், சேருவேன் என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். பேனாவைக் கீழே வையுங்கள். உங்களுக்குப் பேனா இல்லை, எதுவோ அதைக் கீழே வையுங்கள்.

சொல்லை மாற்றியது, கேட்காமல் விட்டது, இந்த இரண்டு தவறுக்கும் எனக்கு வழி தெரிந்தது, சொல்லிவிட்டேன். மூன்றாவது, முருகனிடம் நான் சொன்னது; அதைப் பற்றித்தான் இன்னும் தெரியவில்லை.

சென்ற வருஷம் சேச்சியைப் பார்க்க விதுராவுக்குப் போயிருந்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். சாப்பிட்டு முடித்ததும், "அவளெ காணணோ?" என்றார், அவளைப் பார்க்க வேண்டுமா என்று. முருகன் இறந்த பிறகு, அந்த வரிசை வீடுகளில் விஷயம் பரவி, பேச்சியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சேச்சிதான் விதுராப் பக்கம் ஒரு வீடு பிடித்துக் கொடுத்தார். கல்லாற்றில், பொன்முடிக்குப் போகிற வண்டிகள் நிற்கும் இடத்தில், அவள் சின்னச் சாயாக்கடை வைத்திருக்கிறாள் என்றார். சேச்சிக்கு முழங்கால் வலி. நான் தனியாகப் போனேன்.

பேச்சி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். உடம்பு தேறித்தான் இருந்தாள். மாத்திரை ஒருநாள்கூட விட்டதில்லை என்றாள். மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்து வெளியே ஆட்களிடம் என்ன வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சாயா கொடுத்துவிட்டு, பேச்சி கடைக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்த பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நான் பல வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். அன்று ஊசி வரும் என்பதுபோலப் பேசியது என் தவறு என்றேன். சொல்ல வந்ததைக் கேட்காமல் விட்டது என் தவறு என்றேன்.

"நீங்க பொய் சொல்லல்லியே அக்கா. பொய் சொன்னது நான்" என்றாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "சொல்லுங்க. பேரச் சொல்லாண்டாம். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

பிறகு இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை பெய்து தண்ணீர் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது அவள் பேசினாள். என்னைப் பார்க்காமல்தான் பேசினாள்.

"சீட்டு வந்தபெறவு எட்டு நாளு அவுக சந்தோசமா இருந்தாக அக்கா. ஊசியால காட்டுற பாசிட்டிவ்னு நெனச்சுக்கிட்டு. எனக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாக. வயித்துல கைய வச்சுப் பாத்தாக. அந்த எட்டு நாளுதான்." முந்தானையால் கையைத் துடைத்தாள். "அன்னைக்கு உங்ககிட்ட வந்து கேட்டப்ப, ஆமா, ஊசியாலதான்னு சொல்லியிருக்கலாம்லா? உள்ளது எனக்குத் தெரியும்லா. நான் மாத்திரை சாப்பிட்டிருப்பேன். பிள்ளைக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. அவுக மட்டும் தெரியாம இருந்திருப்பாக."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு வேன் வந்து நின்று ஆட்கள் இறங்கினார்கள். "அம்மே, ஆறு சாய!" என்று மகள் கூப்பிட்டாள். பேச்சி எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பெரிதாக்கினாள்.